காட்டும் திரை, எண்ணும் திரை

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்துக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்தார். ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது அங்கேதான். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அன்றைக்கும் திறந்திருக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களில் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பள்ளிக்கூடத்தின் வேலையைச் செய்து பார்த்தன. செல்போன் உள்ள வீட்டில் பாடம் போனது. இல்லாத வீட்டில் நின்றது. திரை எட்டாத பிள்ளையை ஆள் எட்டட்டும் என்பதுதான் புதிய திட்டத்தின் கணக்கு. ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேர வகுப்பு.

விழா நடந்த இடம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் தமிழகத்தில் தொடக்கநிலை அறிவியலைக் கணினிகொண்டு கற்பித்த கதையையும் சோதித்த கதையையும் சொல்ல இந்தக் கரையைவிட வாகான இடம் கிடைப்பது அரிது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பிரம்மதேசம். சுற்றிலும் நெல், மணிலா, சவுக்கு, பருவத்தில் தர்பூசணி. இன்னும் கிழக்கே போனால் மண் வெளுக்கும். கழுவெளியும் அதை அடுத்து உப்பளங்களும் வரும். கழுவெளியைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று அதைச் சொல்வார்கள். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து உப்புக்குப் பேர்போன ஊர் மரக்காணம். ஆவியாதல், படிகமாதல், அடர்த்தி, வலசை என்று ஆறாம் வகுப்புக்குள் ஒரு பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டிய பாதி அறிவியல் இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

பள்ளிக் கணக்கு எழுதும் பழக்கமும் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு பிரம்மதேசம் உண்டு. எசாலம், எண்ணாயிரம் பக்கம் இருக்கும் அந்த ஊரை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த எண்ணாயிரத்தில் முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கல்லூரிக் கணக்கைப் பதிவு செய்திருக்கிறது. இளையோர் 270 பேர், மூத்தோர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். எந்த வேதத்துக்கு எத்தனை மாணவர், இலக்கணத்துக்கு எத்தனை மாணவர், யாருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பதெல்லாம் அதில் துல்லியமாக இருக்கிறது. யார் எதைக் கற்றார் என்பது இல்லை. கல்வியில் எண்ணுவதற்கு எளிதானதை எண்ணுவது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று சொன்னால் அது கொஞ்சம் குறும்பாகத்தான் இருக்கும், பொய்யாக இருக்காது.

உப்பளத்தில் எண்ணிக்கை வேறு விதமானது. கடல்நீர் ஏறத்தாழ மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது. இந்த டிகிரி வெயிலுடையதல்ல, நீரின் அடர்த்தியுடையது. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் போமே வகுத்த அளவு. கண்ணாடிக் குழாய் ஒன்றை நீரில் மிதக்க விட்டு, எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்ப்பார்கள். நீர் பாத்தி விட்டுப் பாத்தி மாறி, காற்றிலும் வெயிலிலும் சுண்டி, அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். வழியில் முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரி நெருங்கும்போது சோற்றுப்பு பூக்கத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். அதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். ஒரு டிகிரி தவறினால் சரக்கு தரம் இறங்கும். அளப்பது இங்கே பாடம் மட்டுமல்ல, கூலியும் கூட.

காட்டுவது, எண்ணுவது, அளப்பது. வகுப்பறைக்குள் வந்த மின்கருவி எதுவானாலும் இந்த மூன்றில் ஒரு வேலையைத்தான் செய்ய முடியும். தமிழ்நாட்டில் அது முதல் வேலைக்கென்று வந்து, இரண்டாம் வேலையில் நிலைத்து, மூன்றாவதை ஏறக்குறைய மறந்தே போனது. எப்படி நடந்தது இது?

காட்டுவதற்கு முன்னால் கேட்கவைத்தார்கள். 1924-இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் வானொலிச் சங்கம் ஒன்று உருவாகி, பணமில்லாமல் ஒடுங்கியது. அதன் ஒலிபரப்பியை வாங்கிய சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் சொந்தமாக ஒலிபரப்பத் தொடங்கியது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மாலையில் தனி நேரம் ஒதுக்கி இசையும் கதையும் ஒலிபரப்பினார்கள். அறிவியலுக்கு அதில் இடமிருந்ததாகத் தெரியவில்லை.

அறிவியலுக்கென்று பெரிய அளவில் திரை வந்தது 1975-இல். அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி அனுப்பியது இந்தியா. ‘சைட்’ என்று பெயர்பெற்ற அந்தச் சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊருக்கு. சிறுவர் நிகழ்ச்சிகளில் அறிவியலுக்கு நல்ல இடம் கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்கும் திரை வழியே அறிவியல் பயிற்சி நடந்தது. ஆந்திரம், கர்நாடகம் வரை வந்த அந்தத் திரை தமிழ்நாட்டுக்கு வரவில்லை. அதே ஆகஸ்டில் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. ஆனால் அது நகரத்துப் பெட்டி.

1984-இல் வந்த ‘கிளாஸ்’ திட்டம் பெயரளவில்தான் இன்று நினைவில் இருக்கிறது. நாடெங்கும் முதலில் 250 உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, பிரிட்டனில் வடிவமைத்த பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மென்பொருள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. என்றாலும் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கணினியின் பின்புறம், வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றி வாங்கிக்கொள்ளும் வாயில் ஒன்று இருந்தது. ஒரு வெப்ப உணரியை அதில் செருகினால் ஆறும் வெந்நீரின் சூட்டைத் திரை வரைபடமாகப் போட்டுக் காட்டும். பிரிட்டிஷ் பள்ளிகளில் அப்படிப் பயன்படுத்தினார்கள். அரசுத் திட்டம் ஒன்றில் இந்தியப் பள்ளிக்கு வந்த அந்தக் கணினிக்கே அளக்கத் தெரிந்திருந்தது. அளக்கச் சொல்லத்தான் ஆளில்லை.

அளந்த கதை பள்ளிக்கு வெளியே நடந்தது. அதுவும் இதே கரையில். மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டினால் வீராம்பட்டினம். மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களைத் திறந்தபோது இந்த மீனவ ஊரும் அதில் சேர்ந்தது. கணினி, கம்பியில்லாத் தொடர்பு, மின்சாரம் போனால் சூரிய மின்கலம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் தெரு முழுக்கச் சொன்னார்கள். நாளை அலை எத்தனை உயரம் என்று திரை சொன்னதை விடியற்காலையில் படகுக்காரர் கடலிலேயே சரிபார்த்தார். ஒரு முன்கணிப்பு, ஓர் அளவு, ஒரு சரிபார்ப்பு என்று அறிவியல் முறையின் மூன்று படிகளும் அதில் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அதே ஒலிபெருக்கிதான் ஊரை எச்சரித்து வெளியேற்ற உதவியது. கணினி வழி அறிவியல் கல்விக்கு இந்தக் கரையின் மிகச் சிறந்த உதாரணம் எது என்று கேட்டால், எந்தப் பள்ளியையும் விட்டுவிட்டு வீராம்பட்டினத்தைத்தான் கைகாட்ட வேண்டும்.

பள்ளிகளில் அந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் பக்கம் பக்கமாக நடந்தன. ஒன்று, கணினியே இல்லாத சீர்திருத்தம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்து ரிஷிவேலியின் முறையைப் பார்த்து செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08-இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பாடப்புத்தகம் அட்டைகளாக உடைந்தது. ஏணிப்படி போட்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியது. மதிப்பீடும் ஏணியில் ஒரு படிதான். தேர்வென்று தனி நாள் கிடையாது. அந்த அட்டையை முடித்தால் அடுத்த அட்டை. கணினி செய்யும் என்று பின்னால் விளம்பரப்படுத்திய தனித்தனி வேகக் கல்வியை அட்டையும் ரப்பர் பாயும் செய்து காட்டின. குறைகள் இருந்தன. அட்டை தீர்ந்த வகுப்பில் ஏணியும் நின்றது.

இன்னொன்று, அனைவருக்கும் கல்வி இயக்கம் நடுநிலைப் பள்ளிகளுக்குக் கொடுத்த கணினிகள். ஐந்தாறு கணினிகள், பூட்டிய அறை, குறுந்தகடுகள். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் பாடக் குறுந்தகடுகளைத் தயாரித்து மாநிலங்களுக்குத் தந்தது. கதாபாத்திரங்கள், விளையாட்டு, வினாடி வினா என்று பிள்ளைகள் விரும்பிப் பார்த்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2010-இல், அதே அறக்கட்டளையின் அனுராக் பெஹர், ‘மின்ட்’ நாளிதழில், கணினி வழிக் கல்வியின் எல்லைகளைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பெரிய எதிர்பார்ப்போடு செய்த வேலை கற்றலில் எதிர்பார்த்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை, உண்மையான சிக்கல்களிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது என்பது அவர் கட்சி. தான் கொடுத்த கருவியைத் தானே இப்படி விமர்சித்த அமைப்புகள் கல்வித் துறையில் அதிகமில்லை.

ஆனால் கணக்குப் பாடத்தில் கதை வேறாக இருந்தது. வதோதராவின் நகராட்சிப் பள்ளிகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு மணி நேரக் கணினி விளையாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண்ணைக் கணிசமாக உயர்த்தியது. கணக்குக்கு விடை ஒன்று, கணினியே திருத்திவிடும். அறிவியலில் அப்படி ஒற்றை விடையில் அடங்குவது பெயரும் விளக்கமும் மட்டும்தான். இந்த வேறுபாடு அடுத்து வந்த ஆண்டுகளில் எந்தப் பாடம் எந்தத் திட்டத்துக்குள் போகும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தது.

2012-13-இல் முப்பருவ முறை வந்தது. ஒன்று முதல் எட்டு வரை புத்தகம் மூன்றாகப் பிரிந்தது, தேர்வும் பிரிந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த நாற்பதில் பாதி செயல்பாடுகளுக்கு. அறிவியலைப் பொறுத்தவரை இது பெரிய திறப்பு. விதை முளைக்க வைத்தது, இலை சேகரித்தது, மாதிரி செய்தது எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கிடைத்தது. முதல் முறையாகக் கை செய்ததற்கும் மார்க் உண்டு என்றானது. நடைமுறையில், கடைசி வாரத்தில் பதிவேட்டை நிரப்பும் வேலையாகப் பல இடங்களில் சுருங்கியதை ஆசிரியர்களே ஒப்புக்கொள்வார்கள்.

பிறகு 2018. பள்ளிக் கல்விச் செயலாளராக இருந்த த. உதயச்சந்திரன் காலத்தில் தொடங்கிய பாடத்திட்ட மாற்றத்தின் முதல் புத்தகங்கள் 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்தன; மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு உழைத்திருந்தது. புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தோரம் கறுப்பு வெள்ளைச் சதுரம், கியூஆர் குறியீடு. கைப்பேசியைக் காட்டினால் காணொளி. அந்தக் குறியீடுகளைத் தாங்கிய ‘தீக்ஷா’ தளம் நாட்டுக்கு அறிமுகமாகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. 2017 ஆசிரியர் தினத்தில் தொடங்கிய தளம் அது. மராட்டியத்தின் பரிதேவாடி என்னும் சிற்றூரில் ரஞ்சித்சிங் திசாலே என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் தன் புத்தகங்களில் கியூஆர் ஒட்டிப் பார்த்ததுதான் இந்த யோசனையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. 2020-இல் உலக ஆசிரியர் விருது அவருக்குப் போனது.

ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் பருவம் ‘அளவீடுகள்’ என்ற பாடத்தோடு திறக்கிறது. மிகச் சரியான தேர்வு. அதே புத்தகத்தின் கடைசிப் பாடம் ‘கணினி – ஓர் அறிமுகம்’. இரண்டுக்கும் நடுவே பொருள்களும் தாவரங்களும் விலங்குகளும். பாட முடிவுகளில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம்: படி ஒன்று, படி இரண்டு, கீழே உரலி. அவற்றுள் சில, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோவில் தொடங்கிய ‘ஃபெட்’ பாவனைகளுக்கு இட்டுச் சென்றன. மூலக்கூறுகளைச் சூடேற்றலாம், மின்சுற்றைப் பிணைக்கலாம், ஆபத்தில்லாமல் தவறு செய்யலாம். காட்டும் திரையின் உச்சம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அதைத் திறந்து பார்க்கக் கைப்பேசி வேண்டும், டேட்டா வேண்டும், ஆசிரியரோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். 2018-இல் இந்தப் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒருசேர வாய்த்திருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அரசு கேபிளில் 200-ஆம் எண். ஏழு மாதத்தில் கொரோனா வந்தது. அந்தத் தொலைக்காட்சி மட்டும் இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அட்டவணை போட்டு வகுப்பு வாரியாகப் பாடம் ஓடியது. திரையால் காட்ட முடிந்தது; கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

பள்ளி திறந்து பதினோராவது நாள், 2021 நவம்பர் 12 அன்று, தேசிய அடைவுத் தேர்வு நடந்தது. மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் என்று அறிவியலும் அதில் இருந்தது. வட்டத்தை நிரப்பும் தாள், அதைப் படிக்கும் இயந்திரம். ஒன்றரை ஆண்டு வீட்டில் இருந்துவிட்டு வந்த பிள்ளையின் முதல் அறிவியல் அனுபவங்களில் ஒன்று வட்டம் நிரப்புவது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் முறை எது என்று கேட்டு நான்கு விடை கொடுத்தால் மரக்காணத்துப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஆவியாதலைத் தொடும். முப்பது டிகிரிக்கு மேல் நீரை ஏன் வெளியேற்றுகிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா என்பதை அந்தத் தாள் கேட்காது. கேட்க முடியாது.

இல்லம் தேடிக் கல்வியின் பலனை அளந்த ஆய்வும் உண்டு. அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் தமிழைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. முதலியார்குப்பத்தில் தொடங்கியதற்குக் கிடைத்த கௌரவமான மதிப்பெண் இது. கவனிக்க வேண்டியது, அளந்தவை தமிழும் கணக்கும். அறிவியலில் என்ன போனது, என்ன திரும்பியது என்று அந்தக் கணக்கில் பத்தியே இல்லை.

அடுத்து வந்த ‘எண்ணும் எழுத்தும்’ பெயரிலேயே தன் எல்லையைச் சொல்லிவிட்டது. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடக்கம்; முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்தார்கள். பயிற்சி நூல், பாட்டு, பொம்மலாட்டம் என்று வகுப்பறை கலகலத்தது உண்மை. மதிப்பீடு கைப்பேசிச் செயலிக்குப் போனது. வகுப்பில் முப்பது பிள்ளை, ஆசிரியர் கையில் ஒரு போன். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துத் திரையில் விடையைத் தொடவைக்க வேண்டும். சிக்னல் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ‘எமிஸ்’ என்ற சொல் ஆசிரியர் ஓய்வறைகளில் நெடுநேரப் பேச்சானது. வருகை, மதிப்பெண், சீருடை, காலணி, இரத்த வகை எல்லாம் அந்தத் தகவல் மேலாண்மைத் தளத்துக்குள் போக வேண்டும். 2023 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு போராட்டம் அறிவித்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் இந்தப் பதிவுச் சுமையைக் குறைப்பதும் இருந்தது. வருகைப் பதிவைத் தவிர மற்றப் பதிவுகளிலிருந்து ஆசிரியர்களை விடுவிப்பதாக அரசு பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணுவது கெட்ட வேலையில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கவில்லை என்பது எண்ணியதால்தான் தெரியவந்தது. சிக்கல், எண்ணப்படும் பாடத்துக்கு நேரமும் அதிகாரியின் வருகையும் கிடைப்பதும், எண்ணப்படாத பாடம் பிற்பகலின் கடைசிப் பாடவேளைக்கு ஒதுங்குவதும். தொடக்கப் பள்ளி அறிவியல் அங்கேதான் ஒதுங்கியது.

அறிவியலைச் செய்யவைத்தே சோதிக்க முடியாதா? முடிந்த இடம் ஒன்று இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் தேர்வு அறைக்குப் புத்தகம் கொண்டுபோகலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளை முன்னால் பொருள்களை வைத்து, செய்து பார்த்து விடை சொல் என்பார்கள். மனப்பாடத்துக்கு வேலையே இல்லாத தேர்வு. 2002-இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தியது. முப்பது ஆண்டு ஓடிய அந்தத் தேர்வுமுறையைப் பிற்பாடு வந்த எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்வது கடினமும்கூட. பிள்ளையின் கையைப் பார்த்து மதிப்பெண் போட ஆள்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த மரபுக்கு நெருங்கி வருவது ‘வானவில் மன்றம்’. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கி, 13,210 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் குறிவைத்தது. 710 கருத்தாளர்கள் கருவிப் பெட்டியோடு இரு சக்கர வாகனத்தில் பள்ளி பள்ளியாகப் போவார்கள். பலூன், சிரிஞ்சு, காந்தம், ஆடி. இந்தக் காற்று புதிதாக அடித்ததில்லை. 1987 நவம்பரிலிருந்து ‘துளிர்’ இதழை நடத்திவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தாவும் பல ஆண்டு உழுது வைத்த நிலம். விந்தை என்னவென்றால், பெரிய அளவில் எண்ணும் கருவிகள் அறிவியலை விட்டுவிட்டதால்தான் இப்படி விளையாட அதில் இடம் மிஞ்சியது. நட்டமும் லாபமும் ஒரே கணக்கில்.

மூன்றாவது வேலையான அளப்பதை உலகம் மறந்துவிடவில்லை. 2016-இல் பிரிட்டனில் பிபிசி மறுபடி ஒரு கணினியைக் கையில் எடுத்தது. உள்ளங்கையில் அடங்கும் ‘மைக்ரோ:பிட்’ பலகை. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் இலவசம். வெப்பம், ஒளி, அசைவு எல்லாவற்றையும் அது உணரும். அதே ஆண்டு ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் ‘ஃபைபாக்ஸ்’ செயலியை வெளியிட்டது. சாதாரணக் கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளை அது ஆய்வகக் கருவிகளாக்கிவிடும். இந்தியாவில் டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையத்தில் பி.பி. அஜித்குமார் உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ பெட்டி கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போனது. தமிழகத்தின் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இப்படியொன்று திட்டமாக வரவில்லை.

வந்தவை வேறு. 2023 ஜூலையில் தமிழ்வழி மாணவர்களுக்கான ‘மணற்கேணி’ செயலி அறிமுகமானது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடங்கள் கருத்து வாரியாக உடைந்து அசைபடக் காணொளிகளாக அதில் உள்ளன. தமிழில் அறிவியலை இவ்வளவு தெளிவாகக் காட்டும் தொகுப்பு அதற்கு முன் அரசிடம் இருந்ததில்லை. 2024-இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள். தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள். ஒற்றை ஆசிரியர், ஒற்றை போன் என்ற நிலைமை ஓரளவு மாறியது.

அந்த ஆண்டு முடிவதற்குள் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை. மரக்காணத்து உப்பளங்கள் ஏரியாயின, மின்சாரம் போனது. மழைமானி என்பது ஒரு நேரான பாத்திரமும் ஓர் அளவுகோலும்தான். கூரை உள்ள எந்தப் பள்ளியும் மாடியில் வைக்கலாம். அப்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்று இருந்து, அன்றைய அளவு கைக்கணினியில் ஏறியிருந்தால், பிரம்மதேசத்துக்கும் மயிலத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே மழை எப்படி மாறியது என்று ஆறாம் வகுப்பே வரைபடம் போட்டிருக்கும். ‘எமிஸ்’ தளத்தில் காலணி அளவுக்கு இடம் இருந்தது போல மழை அளவுக்கும் ஒரு கட்டம் ஒதுக்குவது பெரிய செலவில்லை.

2025-இல் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்காக ‘திறன்’ திட்டம் வந்தது. அடிப்படைத் தேர்வு வைத்து, நிலை பிரித்து, தனிப் பயிற்சி நூல் கொடுத்து நடத்தும் அந்தத் திட்டத்தின் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணக்கு. அதே கல்வியாண்டில் அதே வகுப்புகளுக்கு ‘டிஎன் ஸ்பார்க்’ என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ், இணையக் கருவிகள் பாடமும் அறிமுகமானது. ரோபாட்டிக்ஸ் என்றால் உணரி இல்லாமல் நடக்காது. வெப்பம், ஒளி, தூரம், ஈரம் ஆகியவற்றை அளக்கும் சில்லு நடுநிலைப் பள்ளிக்குள் வருமானால் இந்த வழியாகத்தான் வரும். அது கணினி ஆய்வகத்தின் அலமாரியிலேயே இருக்குமா, அறிவியல் ஆசிரியரின் மேசைக்கு வருமா என்பது பாடவேளை அட்டவணை போடும் தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது.